ஆத்துவாழைக்கு உரம் போடுற மருமகனுக்கு

மருமகன், கையில என்ன கடதாசி? ஓ, எரிபொருள் பயிரா! நம்மட மகளுக்குச் சீதனமா எழுதின மேட்டுக்காணியில கரும்பும் சோளமும் நட்டு, எத்தனோல் வடிச்சு, நாட்டுக்கு டொலர் மிச்சம் பிடிச்சுக் குடுக்கப் போறீங்க. பெரிய மனசு.

கரும்பு நமக்குப் புதுசில்ல. தெற்கால ஹிங்குராணையில ஆலை இரிக்கு, எத்தனோலும் வடிக்கிறாங்க. 2020 ஜனவரியில வெளிநாட்டு எத்தனோலை அரசாங்கம் நிப்பாட்டினதும் உள்ளூர் எத்தனோலுக்குக் கிராக்கி. ஆனா அது வாகனத்துக்குப் போறதில்ல, சாராயப் போத்தலுக்குத்தான் போகுது. எரிபொருள் இல்லெண்டு நான் சொல்லல்ல. அதைப் போட்டா ஆள் ஓடுறான், நேரா ஓடுறதுதான் இல்ல.

கரும்புக்கும் சோளத்துக்கும் யூரியா வேணும். 50 கிலோ மூட்டையில 23 கிலோ நைதரசன். நான் வட்டவிதானையா இரிந்த காலத்தில இருந்து பாக்கிறன், வரவையில எறியிறதில பாதி கூடப் பயிருக்குச் சேராது. கொஞ்சம் காத்தோட போகும், கொஞ்சம் மண்ணுக்குள்ள இறங்கும், மிச்சம் வக்கடையால வழிஞ்சு வாய்க்கால் பிடிச்சு ஆத்துக்குப் போய்ச் சேரும். பங்குடாவெளியில இருந்து கல்முனைப் பக்கம் மட்டும் 56 கிலோமீற்றர் நீட்டுக்கு, நாம ஆறெண்டு சொல்ற நம்மட வாவி படுத்துக் கிடக்கு. கடலுக்குப் போக பாலமீன்மடுவிலயும் கல்லாத்திலயும் ரெண்டே வாய். கோடையில மண் மேவி அதுவும் அடைஞ்சிரும். அப்ப குடிச்சதெல்லாம் வயித்துக்குள்ளதான் கிடக்கும்.

2005 கடைசியில ஜனாதிபதியா ஆட்சிக்கு வந்த அண்ணன், யூரியா மூட்டையை 350 ரூவா மானிய விலைக்குத் தந்தார். நாங்களும் கண்மண் தெரியாம எறிஞ்சம். 2021 மே மாசம், ஜனாதிபதியா இரிந்த அவர்ட தம்பி ரசாயன உரமே நாட்டுக்குள்ள வரப்படாதெண்டார், நவம்பரில வரலாமெண்டார். இடையில பெரும்போக வேளாண்மை பட்ட பாடு உங்களுக்கே தெரியும். அள்ளி எறி எண்டும் சொன்னாங்க, தொடாதே எண்டும் சொன்னாங்க. அளந்து போடு எண்டு பறையத்தான் அந்த வீட்டில ஒருத்தருக்கும் நேரம் கிடைக்கல்ல.

இந்த மானியத்தில மெய்யாக் கொழுத்தது ஆர் தெரியுமா? தண்ணியில மிதக்கிற களை, ஆத்துவாழை. 1909இலயே வெள்ளைக்காரன் இதை ஒழிக்கச் சட்டம் போட்டான். சட்டத்தை வாசிச்சு வெக்கப்பட்டு அது வளராம விட்டிச்சா? நல்ல தண்ணி விழுற வாய்க்கால் வாயெல்லாம் பாருங்க, தோணி விட ஒண்ணா. மழை வெள்ளம் வட்டையில ஏறினா, முகத்துவாரத்தை வெட்டச் சொல்லி நாங்க கச்சேரி வாசலில நிப்பம். இறால் கடலுக்குப் போயிரும், வெட்டாதீங்க எண்டு மீன்பிடிகாரர் நிப்பாங்க. மறுகா வெள்ளம் வடிஞ்சு உப்புத்தண்ணி ஏறினா ஆத்துவாழை அழுகும். அழுகிற சாமான் தண்ணியில இரிக்கிற ஒட்சிசனைத் திண்ணும், செப்பலியும் மணலையும் வாயைப் பிளந்துக்கு மிதக்கும்.

நீங்க சொல்ற எரிபொருள் பயிரை அமெரிக்காக்காரன் பெரிசாவே செஞ்சு பாத்தவன். 2007இல சட்டம் போட்டு, பெற்றோலோட கலக்கிற எத்தனோலைக் கூட்டினான். சோளக்காட்டுத் தண்ணி மிசிசிப்பி ஆத்தோட மெக்சிக்கோ வளைகுடாவுக்குப் போகுது. 2017 கோடையில அங்க மீனுக்கு மூச்சு முட்டின கடல் 22,720 சதுர கிலோமீற்றர், நம்மட இலங்கையில மூண்டில ஒரு பங்கு! பழி முழுக்க எத்தனோலுக்கில்ல, மாட்டுக்கும் பண்டிக்கும் போடுற சோளமும் சேர்த்திதான்.

எரிபொருள்தான் நடணுமெண்டா கிளிசரியா நடுங்க. தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிர் எண்டு 2005இல அரசாங்கமே பட்டம் கட்டின மரம். பட்டத்தைக் கட்டிப்போட்டு வேலியில விட்டிட்டாங்க, அது வேற கதை. கம்பை வெட்டி ஊண்டினாப் போதும். நைதரசனைக் காத்தில இருந்து அதுவே எடுத்துக்கும், யூரியா கேக்காது. இலை வயலுக்குப் பசளை, ஆட்டுக்குத் தீன். விறகில மின்சாரம் எடுக்கிற சீமெந்து ஆலை திருகோணமலையில இரிக்கு.

அதுக்கும் பொறுமையில்லயா? அப்ப உங்கட எரிபொருள் பயிர் இப்பவே ஆத்தில விளைஞ்சு கிடக்கு. விதைக்க வேணாம், தண்ணி பாய்ச்ச வேணாம், உரம் நாங்க போட்டாச்சு. ஆத்துவாழையை வெட்டி இழுத்து, நறுக்கி, சாணியோட கரைச்சு வாயுக்குழியில ஊத்துங்க, அடுப்பெரியும். குழியில மிஞ்சிறதை வயலுக்குப் போட்டா, ஓடிப்போன யூரியாவில கொஞ்சம் வீட்டுக்குத் திரும்பி வரும். நூறு கிலோ இழுத்தா தொண்ணூறுக்கு மேல வெறும் தண்ணிதான், முதுகு நோகும். அதுக்கென்ன, காசு குடுத்து ஜிம்மில இரும்பு தூக்கிற ஆள்தானே நீங்க.

தோணி நான் தாறன். கிளிசரியாக் கம்பும் தாறன். ஆத்தோரத்துக் கண்ணா மரங்களில மட்டும் கத்தி வைச்சிராதீங்க. உங்கட மாமி அதுக்குள்ளதான் இறால் தடவுறவ. கறி இல்லாத நாளில சோத்துக்கு வந்து குந்தினீங்கண்டா அவ பாக்கிற பார்வைக்கு நான் பொறுப்பில்ல.