வீட்டுக்கு மேலால் ஒரு பயணம்

பலாலிக்கும் சென்னைக்கும் வான்வழித் தூரம் சுமார் 355 கிலோமீற்றர். என் ஆயுளில் அது ஒரு முழம் கூடவுமில்லை, குறையவுமில்லை. பயண நேரம் மட்டும் காலத்துக்கொன்று.

பெரியப்பாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எயர் சிலோன் 1947 டிசம்பரில் தொடங்கிய முதல் சேவையே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை, அதாவது எங்கள் பலாலி, வழியாகச் சென்னைக்குத்தான். டகோட்டா விமானம். "காலமை புட்டுச் சாப்பிட்டிட்டு ஏறினால் மத்தியானச் சோறு மவுண்ட் ரோட்டிலை, தம்பி" என்பார். படம் பார்க்கவென்றே போய்வந்த கதையும் வைத்திருந்தார். என்ன படம் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு பெயர் வரும். பெரியம்மா வாய் திறக்காமல் வெத்திலை மடிப்பார்.

என் முறை வந்தபோது பலாலி முழுக்க இராணுவத்தின் கையில். 90களின் தொடக்கம், ஆனையிறவுப் பாதையும் பூட்டு. வடக்கே இருக்கிற சென்னைக்குப் போக நான் தெற்கே புறப்பட்டேன். இரவில் கிளாலிக் கடனீரேரி. கயிற்றில் தொடுத்த வள்ளங்களை ஒரு மோட்டார் வள்ளம் இழுக்க, சூட்கேஸ் மடியில், செருப்பு கையில். சுருட்டுப் பற்றவைத்த கிழவர் ஒருவரை வள்ளமே சேர்ந்து ஏசியது. பிறகு வவுனியா, சோதனை, கொழும்பு, லொட்ஜ், பொலிஸ் பதிவு, விசா. கட்டுநாயக்காவில் ஏறினால் சென்னை ஒன்றரை மணித்தியாலத்துக்குள். வரைபடத்தில் அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள்: கட்டுநாயக்கா, பலாலி, சென்னை மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கோடு. இத்தனை பாடும் பட்டது, எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலால் போவதற்கு!

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. நவம்பரில் சென்னை விமானம் வந்தது, கொரோனா நிறுத்தியது, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. ஓடுபாதை கட்டை என்பதால் விசிறி வைத்த ஏடிஆர் 72தான், டகோட்டாவின் பேரப்பிள்ளை மாதிரி. பறப்பு ஒன்றேகால் மணித்தியாலம் என்றார்கள். அதற்கு மூன்று மணித்தியாலம் முந்தி வரவும் சொன்னார்கள்.

சோதனை மேசையில் ஒரு பெடியன், தங்கைக்குக் கொண்டுபோன ஒடியல் மாப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"ஐயா, இது என்ன தூள்?"

"கூழ் காய்ச்சிற மா, தம்பி."

அவன் நம்பவில்லை. பெரியவர் வந்தார். பையை அவிழ்த்து மணந்தார், முகத்தைச் சுளித்தார். அந்த மணத்தில் எதையும் கடத்த முடியாது என்று தோன்றியிருக்க வேண்டும். "கொண்டு போங்க" என்றார்.

விமானம் சொன்ன நேரத்துக்குச் சென்னையில் இறங்கியது. மீனம்பாக்கத்திலிருந்து தங்கை வீடிருக்கும் வளசரவாக்கம் பதினைந்து கிலோமீற்றர்கூட வராது. அன்று மழை. ஆட்டோவில் ஒன்றேமுக்கால் மணித்தியாலம் எடுத்தது.