சொல்லிட்டுத் தட்டணுமா, சொல்லாமத் தட்டணுமா?

ஏலே பேராண்டி, இங்கன வா. பந்து கையை விட்டுப் போகுமுன்னயே ரன்னர் கோட்டை விட்டு ஓடுதான், அவனுக்கு முதல்ல ஒரு வார்னிங் குடுக்கணுமா, இல்ல நேரே பெயில்ஸைத் தட்டிரலாமான்னு ஊரெல்லாம் கேட்டுக்கிட்டு அலையுதியாமே. நல்ல புள்ளைதான், போ. உங்க இங்கிலீஷ் வாத்தியாரு, ‘வார்ன்’ங்கிற வினைக்குப் பின்னால யாரைன்னு ஒரு ஆள் வந்து நிக்கணும்னு சொல்லிக் குடுத்திருப்பாரு. பாதிச் சண்டை அந்த ஆளாலதான்லே வருது.

1947-ல ஆஸ்திரேலியா போன நம்ம வினூ மன்கட்டைக் கேளு. டெஸ்டுக்கு முந்தின ஒரு ஆட்டம், சிட்னியில. பில் பிரவுன் முந்தி முந்தி ஓடுதாரு. மன்கட் மரியாதையா ஒரு தடவை சொன்னாரு. மனுஷன் கேக்கல, மறுபடி ஓடினாரு, அவுட்டு. அடுத்த மாசம் அதே சிட்னியில டெஸ்ட் மேட்ச். பிரவுன் பழையபடி கிளம்பிட்டாரு! இந்தத் தடவை மன்கட் வாயைத் திறக்கல, தட்டிட்டாரு. எதிரணிக் கேப்டன் பிராட்மனே மன்கட் பக்கந்தான் பேசினாரு. ஆனா அந்த அவுட்டுக்கு யாரு பேரை வச்சானுவ? ஓடினவர் பேரையா? களவாணியை விட்டுட்டு, களவுக்கு வீட்டுக்காரன் பேரை வச்ச கதையால்ல இருக்கு.

சரி, நல்ல பேருதான் வேணும்னா அதுக்கும் ஆள் இருக்கு. 1987 உலகக் கோப்பை, லாகூர். கடைசிப் பந்து, பாகிஸ்தானுக்கு ரெண்டு ரன் வேணும், கையில ஒரே விக்கெட். கோர்ட்னி வால்ஷ் ஓடி வாராரு, ரன்னர் சலீம் ஜாபர் பாதி வழியில நிக்காரு. தட்டினா முடிஞ்சுது சோலி. வால்ஷ் நின்னு, எச்சரிச்சு, திரும்பிப் போயிட்டாரு. உலகமே கை தட்டுச்சு. மேட்ச் பாகிஸ்தானுக்கு, வெஸ்ட் இண்டீஸ் அரையிறுதிக்கே போகல.

நம்ம மெட்ராஸ்காரர் அஸ்வின் 2019-ல ஜெய்ப்பூர்ல பட்லரைச் சொல்லாமத் தட்டினாரு. ஏச்சு. அதே பட்லரை 2014-ல எட்ஜ்பாஸ்டன்ல இலங்கைக்காரர் சச்சித்ர சேனாநாயக்க, சொல்லிட்டுத் தட்டினாரு. அதுக்கும் ஏச்சு! ஏச்சு ரெண்டுக்கும் ஒரே விலைதாம்லே. விக்கெட்டுக்குத்தான் கூலி.

2022-ல லார்ட்ஸ்ல நம்ம பொண்ணு தீப்தி சர்மா, சார்லி டீனை அவுட்டாக்கினப்ப இன்னும் வேடிக்கை. முன்னாடியே எச்சரிச்சோம், அம்பயர்கிட்டயும் சொன்னோம்னு தீப்தி சொல்லுது. அப்படி யாரும் எச்சரிக்கலன்னு, காயத்துல ஆடாம இருந்த இங்கிலாந்து கேப்டன் ஹீதர் நைட் அடிச்சுச் சொல்லுது. யாரு, யாரை, எப்போ எச்சரிச்சா? இதுக்குத்தான் அந்த வினைக்கு ஆள் வேணுங்கிறது. இத்தனைக்கும் முன்கூட்டிச் சொல்லணும்னு சட்டப் புத்தகத்துல ஒரு வரி கிடையாது. அந்த வருஷந்தான் எம்சிசி இந்த அவுட்டை, நியாயமில்லாத ஆட்டங்கிற 41-ஆம் விதியில இருந்து தூக்கி, சாதாரண ரன் அவுட்டோட 38-ல போட்டுச்சு.

அதனால நீ என்ன செய்யணும்னா, உனக்கு விக்கெட் வேணுமா, வாயைப் பொத்திக்கோ. நல்ல பேரு வேணுமா, ஊருக்கே கேக்கும்படி சத்தமாச் சொல்லு. ரன்னருக்குக் கேட்டாலும் சரி, கேக்காட்டியும் சரி. ரெண்டும் வேணும்னா அம்பயர் காதுல போட்டு வையி. ஞாயித்துக்கிழமை அம்பயரு உங்க சின்ன மாமன்தானே? அவனுக்கு வலது காது மந்தம். இடது பக்கமா நின்னு சொல்லு. அப்புறம், நீ ரன்னரா நிக்கையில கோட்டுக்குள்ளயே கிட; எதிர் டீம்காரப் பயலும் நேத்தே எங்கிட்ட யோசனை கேட்டுட்டுத்தான் போயிருக்கான்.