பத்தாயிரம் ரூபாய் வயதை எட்டிய காரின் சார்பாக

மேன்மைமிகு மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சகத்துக்கு,

பொருள்: சொந்தக் கையால் வீல் பேரிங் மாற்றும் நாமக்கல்காரர் மீது புகார்.

லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல்லிலும், போர்வெல் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோட்டிலும் ஸ்பேனர் பிடிக்காதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட சீமையில் ஒருவர், இருபது வயது தாண்டிய மாருதி 800-ஐ இன்னும் ஓட்டுகிறார். 1983-இல் வந்த அந்தக் காரின் உற்பத்தி 2014-இலேயே நின்றுவிட்டது. அவரோ புதுக் கார் வாங்கி நாட்டை முன்னேற்றாமல், இருப்பதைப் பழுது பார்க்கிறார்.

குற்ற விவரம் வருமாறு. வேகம் கூடக்கூட முன்சக்கரத்தில் ஊளைச் சத்தம். ஸ்டீரிங்கை வலப்பக்கம் திருப்பினால் பாரம் இடப்பக்கம் சாயும். அப்போது சத்தம் ஏறியதால் இடப்பக்க பேரிங்தான் என்று தீர்ப்பெழுதினார். சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்சில் நட்டைத் தளர்த்தினார். பிறகு ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்து, பேரிங் உட்காரும் நக்கிளைக் கழற்றி, லேத் பட்டறைப் பிரஸ்ஸுக்குக் கொண்டுபோனார். அங்கேதான் அவருடைய அடாவடி. புது பேரிங்கை நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளி வளையமான ரேஸில் மட்டுமே அழுத்த வேண்டும். உள் ரேஸில் அழுத்தினால் அந்த விசை குண்டுகள் வழியாகப் பாய்ந்து ரேஸில் பள்ளம் பதிக்கும், பேரிங் ஓடும் முன்பே கெட்டுவிடும் என்று முழு வேலைக்கும் பக்கத்திலேயே நின்றார்.

பழைய பேரிங்கை உடைத்துப் பார்த்தால் ரேஸெல்லாம் குழி. சக்கரம் பள்ளத்தில் விழும் அடி அப்படித்தான் பதிகிறது. சீல் வழியே மழைநீர் நுழைந்து கிரீஸைக் கெடுத்தது தனி. ஆக, நம் சாலைகளின் சுருக்கமான வரைபடம் ஒன்று அவர் கையில் சிக்கியிருக்கிறது. அமைச்சகம் அதைப் பறிமுதல் செய்வது நல்லது.

பள்ளம் போதாதென்று வேகத்தடைகள் வேறு. வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்கலாம் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்புத்தகம். விபத்து நடந்த மறுநாளே ஊருக்குள் முளைக்கும் வேகத்தடைகள் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. கேட்டால், ‘அது பஞ்சாயத்துச் சாலை, எங்கள் எல்லை அல்ல’ என்று பதில் வரும். பேரிங்குக்குத்தான் எல்லை தெரிவதில்லை. இத்தனையையும் தாண்டி நாமக்கல் முட்டை உடையாமல் போய்ச் சேர்கிறதென்றால், அந்தப் பெருமை வண்டி ஓட்டுபவருக்கே.

அமைச்சகம் சும்மா இருந்ததாகவும் சொல்ல முடியாது. 15 வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியது. அது நடைமுறைக்கு வந்த நாள் 2022 ஏப்ரல் 1. தேதி குறித்தவர் ரசனையானவர். 2025 ஆகஸ்டில், 20 வயது தாண்டிய காருக்கு அதுவே 10,000 ஆனது. பிரேக் பிடிக்கிறதா என்பதையெல்லாம் தகுதி ஆய்வு பார்க்கிறது. கட்டணமோ பிறந்த தேதியை மட்டும் பார்க்கிறது.

ஆகவே, ஆய்வில் தேறும் பழைய கார்களுக்குக் கட்டணத்தைக் குறைக்குமாறும், வேகத்தடைகளை ஒருமுறையாவது டேப் வைத்து அளக்க மாநில அரசுகளுக்கு எழுதுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
டிஎன் 28 பதிவெண் கொண்ட பழைய கார்களின் சார்பாக.