நான்காவது காரணம்

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் உட்காரும் முன்பே, "தம்பி, பருப்புல நெய் ஊத்தியிருக்கா? கூட்டுல? ரசம் தாளிச்சது எதுல?" என்று விசாரணைக் கமிஷன் வைத்தால், அவர்தான் நம் வீகன் அண்ணன். நாற்பதைத் தாண்டிய வயது, தோளில் துணிப்பை, கையில் சொந்தத் தண்ணீர்ப் போத்தல். இலையில் மோர்மிளகாய் விழுந்ததும் நாற்காலியோடு பின்னால் நகர்வார்.

சைவம் என்றால் கிள்ளான் பள்ளத்தாக்கில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. வெள்ளிக்கிழமை சைவம், புரட்டாசி சனிக்கிழமை சைவம். ஆனால் அது பாலில் மிதக்கிற சைவம். நெய், தயிர், மோர், பாயசம், தே தாரிக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் இலையில் என்ன மிஞ்சும்? அண்ணனிடம் பட்டியல் தயார்: தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவிய புட்டு மாயம், தெம்பே, தவ்வு. "மலாய்க்காரங்க சமையல்ல பாதி ஏற்கெனவே வீகன் லா!" என்று ஆரம்பிப்பார். சம்பலில் இருக்கும் நெத்திலியும் பெலாச்சானும் ஞாபகம் வந்ததும் குரல் இறங்கிவிடும். மாமாக் கடையில் அவருடைய ஆர்டர் மாறாது: "தே ஓ கொசோங்." பாலும் கிடையாது, சீனியும் கிடையாது. பக்கத்தில் ரொட்டி சானாய் விசிறும் நேரத்தில் மட்டும் கைப்பேசியில் அவசரமாக எதையோ படிப்பார்.

ஏன் வீகன் ஆனார்? அது கேட்பவரைப் பொறுத்தது.

பெட்டாலிங் ஜெயா ஆபீசில் கேட்டால், பூமி சூடாவதுதான் காரணம். மனிதரால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 விழுக்காடு கால்நடை வளர்ப்பால் வருகிறது என்று ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு 2013இல் கணக்குச் சொன்னதை ஒப்பிப்பார். "அப்போ நீங்க எல்ஆர்டியில வரலாமே?" என்பார்கள். அண்ணனின் ஃபோர்வீல் கீழே நிற்கிறது.

சொந்தக்காரர்களிடம் காரணம் இனிப்புநீர். 2019 தேசியச் சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது உண்டு என்பார். "அதுக்கு சீனியை நிறுத்து மச்சான், மாட்டை ஏன் நிறுத்துறே?" என்பார் மைத்துனர்.

கோயில் பெரியவர்களிடம் பேச்சு ஜீவகாருண்யத்துக்கு மாறும். குறளின் கொல்லாமை அதிகாரம், வள்ளலார், பிறந்த சில நாளில் தாயிடமிருந்து பிரிக்கப்படும் பண்ணைக் கன்றுகள் என்று உருகுவார். அங்கே கூட்டம் கொஞ்சம் இளகும். இளகாதவர் கிள்ளானில் இருக்கும் அவருடைய அம்மா மட்டும்தான். "தோட்டத்து லயத்துக்குப் பின்னால ரெண்டு மாடு கட்டி, பால் ஊத்தித்தான்டா உன்னைப் படிக்க வச்சேன். கன்னுக்குட்டி குடிச்ச மிச்சம்தான் நமக்கு. படிச்சிட்டு வந்து அந்தப் பாலுக்கே கேஸ் போடுறியா?" பாக்கெட் பால் தரும் மாட்டுக்கு அந்த யோகம் இல்லை என்பதை விளக்குவதற்குள் அம்மா தயிர் உறை ஊற்றப் போய்விடுவார்.

மூன்று காரணங்களும் உண்மைதான். அண்ணன் பொய் சொல்பவர் அல்லர். ஆனால் நம்மிடையே ஒருவன் சாப்பாட்டில் ஒன்றை விடுவதென்றால் சாமி சொல்ல வேண்டும், பஞ்சாங்கம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் டாக்டர் சொல்ல வேண்டும். நானே யோசித்து விட்டேன் என்றால், "இவனுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்பதுதான் தீர்ப்பு.

இது அண்ணிக்குப் புரிந்திருந்தது. ஒரு கல்யாண விருந்தில் பெரியம்மா பாயசக் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தபோது, அண்ணன் 14.5 என்று வாயெடுக்கும் முன்பே அண்ணி குறுக்கிட்டார்.

"அவருக்கு வேண்டுதல், பெரியம்மா."

கரண்டி அந்தரத்தில் நின்றது. "முருகனுக்கா?"

அண்ணி தலையாட்டினார். "எத்தனை நாளைக்கும்மா?" என்றதற்கு, "முடிவே இல்லாம வேண்டிக்கிட்டாரு" என்றார்.

அவ்வளவுதான். தனிச் சட்டியில் தேங்காய்ப்பால் பாயசம் வந்தது. நெய் படாத கரண்டி வந்தது. மைத்துனரே எழுந்து பரிமாறினார். ஐ.நா. சபையால் முடியாததை ஒரு பொய் முடித்துக் கொடுத்தது. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

தை பிறந்ததும் பெரியம்மா போன் செய்தார். "தம்பி, இவ்வளவு பெரிய வேண்டுதலைச் சும்மா விடக்கூடாது. தைப்பூசத்துக்கு உன் பேருக்கும் பால்குடம் சொல்லிட்டேன். பத்துமலை 272 படியும் சிந்தாம ஏறணும், சரியா?"

ஓட்ஸ் பால் முருகனுக்கு ஆகுமா என்று அண்ணன் இப்போது குருக்கள் குருக்களாக விசாரித்துக்கொண்டிருக்கிறார்.