பாட்டு ஓடுது, சத்தம் வரலை

விண்டோஸ் 98 காலத்தில் எங்கள் தெருவில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளிலிருந்து, "பாட்டு ஓடுது, சத்தம்தான் வரலை, கொஞ்சம் வந்து பாருப்பா" என்று கூப்பிடுவார்கள். இன்று அக்கா மகள் போனில் கூப்பிடுவதும் சத்தச் சிக்கலுக்குத்தான். அன்றைக்கு சத்தம் அந்தப் பெட்டிக்குள் எங்கேயாவது நின்றுபோயிருக்கும். ஸ்குரூடிரைவரோடு போனால் கண்டுபிடித்துவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு ஆடியோ சிடி கோளாறு. சிடி சுற்றும், திரையில் நிமிடமும் நொடியும் நகரும், விண்டோஸின் தொடக்க இசைகூட ஒழுங்காகக் கேட்கும். பாட்டு மட்டும் ஊமை. அந்தக் கால சிடி டிரைவ்கள் பலவற்றின் முகப்பிலேயே ஒரு ஹெட்ஃபோன் துளையும் சின்ன வால்யூம் சக்கரமும் இருக்கும். அதில் இயர்ஃபோனைச் செருகினால் பாட்டு கணீரென்று வரும். அப்படியானால் டிரைவ் நன்றாக இருக்கிறது. தொடக்க இசை கேட்பதால் சவுண்ட் கார்டும் ஸ்பீக்கரும் நன்றாக இருக்கின்றன. மிச்சம் இருப்பது நடுவில் உள்ள ஒயர். ஆடியோ சிடியின் சத்தம் அப்போது பெரும்பாலும் பிராசசர் பக்கமே போகாது. டிரைவின் முதுகிலிருந்து மெல்லிய நாலு முனை ஒயர் வழியாக நேரே சவுண்ட் கார்டுக்குப் போகும். அசெம்பிள் செய்தவர் அதை மாட்ட மறந்திருப்பார். சென்னை ரிச்சி தெருவில் ஒயரை வாங்கிவந்து மாட்டியதும் முழு வீடும் ஹாலுக்கு வந்து நிற்கும்.

ஒவ்வொரு கார்டும் பிராசசரைக் கூப்பிடப் பயன்படுத்தும் ஐஆர்க்யூ எண்ணில் தகராறும் உண்டு. சவுண்ட் கார்டுக்கு வழக்கமான எண் 5. உள்ளே பொருத்திய மோடமும் அதையே கேட்டால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி விழும். எண்ணை மாற்றினால் தீர்ந்தது.

இன்று மாட்ட ஒயரும் இல்லை, கழற்ற கார்டும் இல்லை. சத்தம் போகக்கூடிய வழிகள்தான் பெருகிவிட்டன. எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் சத்தம் டிவிக்குப் போய்விடுகிறது. அடுத்த அறையில் யாரோ ப்ளூடூத் ஸ்பீக்கரை ஆன் செய்தால் அங்கே போய்ப் பாடுகிறது. எதுவும் கெட்டுப்போகவில்லை, ஆனாலும் நம் காதுக்கு எதுவும் வருவதில்லை.

அக்கா மகளின் சிக்கல் இன்னும் நுட்பமானது. ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமையாகக் கேட்கிறது. ஆன்லைன் வகுப்பில் சேர்ந்த உடனே எல்லாம் பழைய டெலிபோன் போலக் கரகரக்கிறது. பாட்டு கேட்க ப்ளூடூத் பயன்படுத்தும் ஏ2டிபி முறையில் தரமான ஸ்டீரியோ ஒலி ஒரு பக்கமாக மட்டுமே வரும். மைக் தேவைப்பட்டதும் ஹெட்செட் பேச்சுக்கான முறைக்கு மாறி, இரு பக்கமும் குறைந்த தரத்தில் அனுப்புகிறது. மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன், கரகரப்பு போய்விட்டது.

சத்தத்தை வேறு இடத்துக்கு மாற்றும் கம்ப்யூட்டர், மாற்றியதைக் கண்ணில் படும்படி சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பள்ளிப் பிள்ளைகளும் வயதானவர்களும் இதனால் வகுப்பையும் வீடியோ காலையும் இழக்கிறார்கள். அதுவரை, சத்தம் வராவிட்டால் டிரைவரை அழித்து மறுபடி ஏற்றாதீர்கள், கடைக்கும் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் திரையின் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, அங்கே எந்தச் சாதனத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.