குலசாமிக்கு ஆன்லைன் வகுப்பா கண்ணு?

பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு, "குலசாமி கும்பிடத் தெரியாதவங்களுக்கு ஆன்லைன்ல வகுப்பு ஆரம்பிக்கப் போறேனுங் தாத்தா"ன்னு சொன்னே பாரு, அன்னைல இருந்து எனக்குச் சோறு ரெண்டு வாய் சேர்ந்தே எறங்குது. போன பொங்கலுக்குப் பானை எந்தப் பக்கம் பொங்கி வழியுதுன்னு சனமே பார்த்துக்கிட்டு நிக்க, நீ முதுகக் காட்டி செல்ஃபி எடுத்தவன். வாத்தியாராவறதுக்கு இதுக்கு மேல என்ன தகுதி வேணும்?

வெள்ளக்காரங்க ஊர்ல பழைய சாமி கும்பிட இப்படி ஆரம்பப் பாடம் நடக்குதுன்னியே, நடக்கட்டும். அவங்க பாட்டன் சாமியெல்லாம் போயி பல நூறு வருசம் ஆச்சு, கேட்டுக்கப் பூசாரி கெடையாது. இங்கிலாந்துல சூனியச் சட்டத்த 1951ல தூக்குனாங்க. 1954ல ஜெரால்டு கார்ட்னருன்னு ஒருத்தரு புஸ்தகம் போட்டு, விக்கான்னு ஒரு மார்க்கத்தையே பரப்பிவிட்டாரு. மனுசன் எளவயசுல சிலோன் தேயிலைத் தோட்டத்துல வேலை பார்த்தவராம். அங்க கூலிக்குப் போன நம்ம சனம் பம்பை அடிச்சத எட்ட நின்னு கேட்டிருப்பாரோ என்னமோ! அவங்க படிச்சுத்தான் ஆவோணும். உனக்குப் பூசாரி குத்துக்கல்லாட்டம் இருக்கறாரு. அவரு நம்பரு உன்ற போன்ல இல்ல, அவ்வளவுதான்.

பாடத்திட்டம் வேற போடறியாமா. நம்ம கிராம தேவதைங்களப் பத்தி மெட்ராஸ் பிஷப்பு ஹென்றி ஒயிட்ஹெட்டே 1916ல புஸ்தகம் எழுதிட்டாரு, நீ எழுதறதுக்கென்ன. ஆனா "நோம்பி முடிஞ்சதும் மாரியம்மன் முன்னால நட்ட கம்பத்தப் புடுங்கித் தண்ணியில உட்டுரோணும்"னு ஆரம்பிச்சீன்னு வெய்யி, ராசிபுரத்துக்காரன் கையத் தூக்கிருவான். அங்க நித்ய சுமங்கலி மாரியம்மன் முன்னால கம்பம் வருசம் பூரா நிக்குது. "ஆடியிலதான் நோம்பி"ம்பே. சேலம் கோட்டை மாரியம்மனுக்கு ஆடி சரி, ராசிபுரத்துக்கு ஐப்பசி. அப்புறம் நீ பதில் சொல்லிக்கிட்டே கெடக்க வேண்டீதுதான்.

"உங்க குலசாமி யாருன்னு கண்டுபுடிச்சுத் தரப்படும்"னு மட்டும் போட்டுறாத சாமி. சேலம் பெரியேரியில தலைவெட்டி முனியப்பன் இருக்காருல்ல? தாமரை மேல கால மடக்கி, ரெண்டு கையும் மடியில, சுருட்டை முடி, வெட்டுப்பட்ட தலையச் சிமெண்டு வெச்சு ஒட்டி. நம்ம சனம் முனியப்பன்னு சொல்லிப் படையல் போட்டுக்கிட்டிருந்துச்சு. இது புத்தருங்கன்னு 2011ல கேஸ் போட்டாங்க. தொல்லியல்காரங்க வந்து அளந்து பார்த்து, 2022 ஜூலையில, "ஆமா, புத்தர்தான், பூசை பண்ணப்படாது"ன்னு ஹைகோர்ட்டு சொல்லிருச்சு. ஒரு சாமி யாருன்னு சொல்ல ஹைகோர்ட்டுக்கே பதினொரு வருசம். நீ அரை மணி நேரத்துல, அதும் நெட்டு கட்டாவாம, சொல்லிருவே!

கெடா வெட்டறதப் பத்திப் பேசலாமான்னு கேட்டே. தாராளமா. 1950லயே தடைச்சட்டம் இருந்துச்சு, ஒருத்தருக்கும் தெரியல. 2003ல திடீர்னு தூசி தட்டி அமல்படுத்துனாங்க, 2004ல சட்டத்தையே வாபஸ் வாங்கிட்டாங்க. அது எலெக்சன் வருசம்னு நான் சொல்லல, காலண்டரு சொல்லுது. ஆனா வெட்டறது பாடமே இல்ல கண்ணு, அதுக்கு முந்தி நடக்கறதுதான். கெடா மேல மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டு எல்லாரும் சுத்தி நிப்பாங்க. அது ஒடம்பச் சிலுப்பித் துளுக்குனாத்தான் சாமி உத்தரவு. சில ராத்திரி துளுக்காது. ஒரு சொம்பு, ரெண்டு சொம்பு, ம்ஹூம். பூசாரி மொறைக்க, பெருசுங்க செருமி இருமி, கடைசில ஒருத்தி வாயத் தொறப்பா: "பெரியவன் ஊட்டுக்கு இந்த வருசம் தலைக்கட்டு வரி கேக்கவே போவலியே." அந்நேரத்துல டார்ச்ச எடுத்துக்கிட்டுப் போயி, வரப்புச் சண்டையில மூணு வருசம் பேசாத பங்காளியக் கையப் புடிச்சு இழுத்தாருவாங்க. அவன் மொகத்தத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்து நிப்பான், அடுத்த சொம்புக்குக் கெடா துளுக்கிரும். இத ஸ்லைடு போட்டு வெளக்கு பாக்கலாம்.

அதனால உன்ற வகுப்பு ஒரே நாள் நடக்கட்டும். சேர்றவனக் கேளு: பங்காளி யாரு, நோம்பி எந்த மாசம், தலைக்கட்டு வரி குடுத்து எத்தன வருசம். தெரியலைன்னா அவங்க அத்தைக்குப் போன் போடச் சொல்லு. அத்தைங்களுக்குத் தெரியாத சாமி கெடையாது, சாமிக்குத் தெரியாத சண்டையும் அத்தைங்களுக்குத் தெரியும். அப்புறம் பஸ் ஏத்தி உடு. போனதும் வெறகு ஒடைக்கச் சொல்லுவாங்க, தண்ணி சுமக்கச் சொல்லுவாங்க. அது மொத வருசப் படிப்பு. பம்பைக்காரருக்கு டீ வாங்கியாறது ரெண்டாவது வருசம்.

சர்டிபிகேட்டு குடுக்கறதா இருந்தா நம்ம பூசாரி கையெழுத்து வாங்கிக்கோ, பொறுமையாத்தான் போடுவாரு. என்னையும் ஒரு நாள் பேசக் கூப்பிடு, வர்றேன். செவ்வாக்கெழம மட்டும் வெச்சுறாத, பேரு புதன்சந்தைன்னாலும் கூடறது அன்னைக்குத்தான், மாடு பாக்கப் போவோணும்.