எண்ணெய்க்கு அடியில் கடல்

நம்மூர்க் கலப்படத்துக்கும் ஒரு தர்மம் உண்டு. பாலில் தண்ணீர் ஊற்றுகிறவர்கூடப் பாத்திரத்தில் பால் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்காவது பாலை மிச்சம் வைப்பார். 1950களில் அமெரிக்காவில் டினோ டி ஏஞ்சலிஸ் என்ற புண்ணியவான் இந்தத் தர்மத்தையே கவிழ்த்துப் போட்டார். தண்ணீரை எடுத்துக்கொண்டு அதில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினார். தண்ணீரும் காசு கொடுத்து வாங்கியதில்லை, கடல் தண்ணீர்.

டினோ நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்தவர். கசாப்புத் தொழிலில் தொடங்கி இறைச்சி கம்பெனி முதலாளி ஆனவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மதிய உணவுத் திட்டத்துக்கு, சோதனை முத்திரையே விழாத இறைச்சியை அனுப்பி அரசிடம் மாட்டிக்கொண்டார். சத்துணவு முட்டையில் கை வைத்த ஆளை நாம் எப்படிப் பார்ப்போம்? அமெரிக்க வங்கிகள் அவரை வளரும் தொழிலதிபராகப் பார்த்தன.

1955இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் பேயோன் என்ற துறைமுக ஊரில், பழைய பெட்ரோலியத் தொட்டிகளைப் பிடித்துத் தாவர எண்ணெய் கம்பெனி ஆரம்பித்தார். நல்ல நேரம். உபரி விளைச்சலை வெளிநாட்டுக்குத் தள்ளிவிட அமெரிக்க அரசு 1954இல்தான் ஒரு சட்டம் போட்டிருந்தது. பி.எல். 480 கோதுமை என்று நம் தாத்தா பாட்டிகள் ரேஷனில் வாங்கி முகம் சுளித்தார்களே, அதே சட்டம். டினோ அந்த வழியில் சோயா எண்ணெயைக் கப்பல் கப்பலாக ஏற்றினார். கையிருப்பு எண்ணெயைக் காட்டிக் கடனும் வாங்கினார்.

இது நகைக் கடன் மாதிரிதான். தொட்டியில் இவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று நம்பகமான ஒரு கிடங்கு நிறுவனம் ரசீது கொடுக்கும். அந்த ரசீதை வைத்துக்கொண்டு வங்கி பணம் தரும். ரசீது கொடுத்தது அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் துணை நிறுவனம். பயணிகள் காசோலைக்கு உலகப் புகழ் பெற்ற பெயர் என்பதால் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. ஆனால் அந்த நிறுவனம் தொட்டிகளுக்குக் காவல் போட்டது யாரை? டினோவிடம் ஏற்கெனவே வேலை பார்த்தவர்களை. கடன் வாங்குகிறவரின் மச்சானே நகை மதிப்பீட்டாளராக உட்கார்ந்தால் பித்தளையும் 22 காரட்தான்.

சோதனை நடந்த அழகே தனி. டினோவின் ஆட்கள் தொட்டியின் உச்சிக்கு ஏறி, வாய்த்துளை வழியாக அளவு நாடாவை இறக்கி, இத்தனை அடி என்று கத்துவார்கள். சோதிக்க வந்தவர் கீழே நின்று பயபக்தியோடு குறித்துக்கொள்வார். எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்பது அப்பளம் பொரிக்கிற எல்லோருக்கும் தெரியும். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாலும் எண்ணெய்தான் தெரியும், கையை விட்டாலும் எண்ணெய்தான் ஒட்டும். பற்றாக்குறைக்குக் குழாய் இருக்கவே இருக்கிறது. ஒரு தொட்டியில் அளந்து முடித்த எண்ணெய் அடுத்த தொட்டிக்குப் போய் மறுபடி வரிசையில் நிற்கும்.

1960இல் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பெயர் சொல்லாத ஒரு குரல். பேயோனில் பெரிய மோசடி நடக்கிறது, 5,000 டாலர் கொடுத்தால் விவரம் சொல்கிறேன் என்றது. சாம்பிளுக்கு ஒரு துளியும் தந்தது: ஒரு தொட்டியின் எண்ணைச் சொல்லி, அதில் வாய்த்துளைக்கு நேர் கீழே மட்டும் ஒரு குழல், அதற்குள் எண்ணெய், சுற்றிலும் தண்ணீர்.

தொட்டி எண்ணோடு துப்பு கிடைத்தால் யாரும் துள்ளிக் குதிப்பார்கள். கிடங்கு நிறுவனமும் ஆளனுப்பியது. சில தொட்டிகளில் தண்ணீர் இருப்பதையும் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு செய்ததுதான் வரலாற்றுச் சாதனை. தண்ணீர் எப்படி வந்தது என்று தொட்டிக்காரர்களிடமே கேட்டது. எண்ணெயைச் சூடாக்கும் நீராவிக் குழாய் உடைந்துவிட்டது என்றார்கள். பாவம், குழாய்! விசாரணை இனிதே நிறைவுற்றது. அந்தத் துணை நிறுவனத்தின் ஆகப் பெரிய வாடிக்கையாளர் டினோதான். சோறு போடும் இலையில் கல்லைத் தேட யாருக்கு மனசு வரும்?

அடுத்த மூன்று வருடம் கடல் தண்ணீருக்கு ரசீது மேல் ரசீது. ஏணியில் ஏறாமலேயே இதைப் பிடித்திருக்கலாம். நாட்டில் மொத்தம் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று அமெரிக்க அரசு மாதாமாதம் கணக்கு வெளியிட்டது. 1963இல் டினோவின் ரசீதுகளைக் கூட்டினால் அந்த மொத்தத்தையே தாண்டியது. அமெரிக்காவில் இருந்ததைவிட அதிக எண்ணெய் பேயோனில் இருந்தது! ரசீதையும் அரசுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

டினோ கெட்டது ஆய்வாளரால் அல்ல, பேராசையால். கடன் பணத்தைக் கொட்டி முன்பேர வணிகத்தில் சோயா எண்ணெய் விலையைத் தூக்கிப் பிடித்தார். 1963 நவம்பரில் விலை சரிந்தது. 19ஆம் தேதி கம்பெனி திவால். மறுநாள் அவருக்காக வணிகம் செய்த பங்குத் தரகு நிறுவனமான ஐரா ஹாப்ட் முடங்கியது. 22ஆம் தேதி அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட, எண்ணெய்ச் செய்தி பின் பக்கத்துக்குப் போனது.

கடன் கொடுத்தவர்கள் பேயோனுக்கு ஓடினார்கள். ஒரு தொட்டியைத் திறந்துவிட்டபோது கடல் தண்ணீர் 12 நாள் கொட்டியதாம். 51 நிறுவனங்களுக்கு நஷ்டம், மொத்தம் 15 கோடி டாலருக்கு மேல். மானம் காக்க அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் சுமார் 6 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்தது. அதன் பங்கு விலை விழுந்து கிடந்த நேரத்தில் அள்ளிப்போட்டுப் பணம் பார்த்தவர் வாரன் பஃபெட். கதையை முழுசாகத் தோண்டி எழுதிய வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நிருபர் நார்மன் மில்லருக்கு 1964இல் புலிட்சர் பரிசு. டினோவுக்கு 1965இல் 20 வருடத் தண்டனை. 1972இலேயே வெளியே வந்துவிட்டார்.

உங்கள் அலுவலகத்துக்கும் ஒரு நாள் பெயரில்லாத கடிதம் வரலாம். புகாரில் இருக்கிற ஆளையே கூப்பிட்டு விளக்கம் கேட்டுக் கோப்பை மூடாதீர்கள். கையில் இருக்கும் ரசீதை அவர் கை படாத ஒரு கணக்கோடு ஒத்துப் பாருங்கள். கையோடு, ஏணியில் நீங்களே ஏறி, அவர் காட்டாத துளை வழியாக நாடாவை இறக்குங்கள்.